காற்றுப் போனால் நிற்க வேண்டும்: ட்ரெய்லர்களின் எயார் பிரேக்கை அறிந்துகொள்ளல்

எங்கள் ஊடகங்களில் வரும் வீதி விபத்துச் செய்திகளில் ஒரு சொற்றொடர் மாறுவதே இல்லை: ‘வேகக்கட்டுப்பாட்டை இழந்த பாரவூர்தி’. அதன் பிறகு இறந்தவரின் வயது வரும், ஊர் வரும், சடலம் எந்த வைத்தியசாலையில் வைக்கப்பட்டிருக்கிறது என்பது வரும். மேலதிக விசாரணைகளைப் பொலிஸார் மேற்கொண்டு வருகிறார்கள் என்பதோடு செய்தி முடிந்துவிடும். பாரவூர்தி ஏன் கட்டுப்பாட்டை இழந்தது என்பது மட்டும் அநேகமாக வராது.

சாரதி கண்ணயர்ந்திருக்கலாம். வேகமாக ஓடியிருக்கலாம். குறுக்கே மாடு வந்திருக்கலாம். ஆனால் காரணம் பிரேக் என்றால், அந்த விபத்து அந்த நிமிடத்தில் தொடங்கியிருக்காது. பல வாரங்களாக ஒரு கராஜிலும், ஒரு தரிப்பிடத்திலும், ஒரு முதலாளியின் கணக்குப் புத்தகத்திலும் அது மெல்ல மெல்ல நடந்துகொண்டிருந்திருக்கும். இந்தக் கேள்வியோடுதான் ஏ9 வீதியோரக் கராஜ்களில் மெக்கானிக்குகளோடும் சாரதிகளோடும் கதைக்கத் தொடங்கினேன். அங்கே கேட்டதையும், எயார் பிரேக் பற்றிய தொழில்நுட்பக் கையேடுகளில் படித்ததையும் ஒழுங்குபடுத்தி இங்கே தருகிறேன். ட்ரெய்லர் ஓட்டுபவர்களுக்கும், கராஜில் தொழில் பழகும் இளைஞர்களுக்கும், ஒன்றிரண்டு வாகனம் வைத்துத் தொழில் செய்யும் உரிமையாளர்களுக்கும் இது பயன்படும். அந்த வாகனங்கள் போகும் வீதியில் சைக்கிளில் போகும் மற்றவர்களும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

முதலில் அடிப்படையான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இன்றைய எயார் பிரேக், காற்றுப் போனால் வாகனத்தை நிறுத்தும்படியாகவே வடிவமைக்கப்பட்டிருக்கிறது. அப்படியிருந்தும் ஒரு ட்ரெய்லர் நிற்கவில்லை என்றால், பெரும்பாலும் செய்யவேண்டிய ஒன்றை யாரோ செய்யாமல் விட்டிருக்கிறார்கள், அல்லது செய்யக்கூடாத ஒன்றைச் செய்திருக்கிறார்கள்.

ஏன் காற்று?

காரிலும் சிறிய லொறியிலும் பிரேக் எண்ணெய்தான் வேலை செய்கிறது. மிதியை அழுத்தினால் எண்ணெய் தள்ளப்பட்டு பிரேக் பிடிக்கும். எண்ணெய் ஒழுகித் தீர்ந்தால் பிரேக் இல்லை. அத்தோடு, கழற்றி மாட்டும் ஒரு ட்ரெய்லருக்கு எண்ணெய்க் குழாய் பொருந்தாது. ஒவ்வொரு தடவை கழற்றும்போதும் எண்ணெய் சிந்தும், குழாய்க்குள் காற்றுப் புகும். காற்றுக்கு அந்தச் சிக்கல் இல்லை. எஞ்சின் ஓடும்வரை வேண்டிய அளவு காற்றை உருவாக்கிக்கொள்ளலாம்.

இந்த முறை புகையிரதத்தில் இருந்து வந்தது. அமெரிக்கரான ஜோர்ஜ் வெஸ்ரிங்ஹவுஸ் 1869 இல் முதலாவது காற்றுப் பிரேக்கைக் கொண்டுவந்தார். அதில் காற்றை அனுப்பினால்தான் பிரேக் பிடிக்கும். குழாய் வெடித்தாலோ பெட்டிகள் கழன்றாலோ பிரேக் இல்லாமல் போய்விடும். 1872 இல் அவர் அந்த ஒழுங்கை அப்படியே தலைகீழாக்கினார். குழாயில் காற்று நிறைந்திருந்தால் பிரேக் விடுபட்டிருக்கும். காற்றுக் குறைந்தால், ஒவ்வொரு பெட்டியிலும் இருக்கும் தாங்கியில் உள்ள காற்று அந்தப் பெட்டியின் பிரேக்கைப் பிடிக்க வைக்கும். இன்று பரந்தனிலும் வவுனியாவிலும் நாம் பார்க்கும் ட்ரெய்லர்களின் பாதுகாப்பு அந்தத் தலைகீழ் ஒழுங்கில்தான் தங்கியிருக்கிறது.

காற்று போகும் பாதை

முன்னால் இழுத்துச் செல்லும் பிரைம் மூவரில் எஞ்சினோடு சேர்ந்து ஒரு கம்ப்ரஸர் ஓடுகிறது. அது அழுத்திய காற்று, ஈரத்தை உறிஞ்சும் டிரையரைத் தாண்டித் தாங்கிகளில் சேர்கிறது. அழுத்தம் பொதுவாக 120 பி.எஸ்.ஐ. அளவை எட்டியதும் கவர்னர் என்னும் சிறு கருவி கம்ப்ரஸரை ஓய்வெடுக்க விடும். 100 அளவுக்கு இறங்கியதும் மீண்டும் வேலை வாங்கும். இந்த எண்கள் வாகனத்துக்கு வாகனம் சற்று மாறும்.

பிரைம் மூவரில் இருந்து ட்ரெய்லருக்கு இரண்டு குழாய்கள் போகின்றன. சிவப்புக் குழாய் எப்போதும் காற்று நிறைந்திருக்கும் வழங்கல் குழாய். ட்ரெய்லரின் தாங்கியை நிரப்புவதும், அதன் பார்க்கிங் பிரேக்கை விடுவித்து வைத்திருப்பதும் அதுதான். மற்றையது கட்டளைக் குழாய். ஐரோப்பிய முறையில் மஞ்சள், அமெரிக்க முறையில் நீலம். சாரதி மிதியை அழுத்தும்போதுதான் இதில் காற்று வரும். அந்தக் காற்று நேரே சில்லுக்குப் போவதில்லை. ட்ரெய்லரில் இருக்கும் ரிலே வால்வுக்கு எவ்வளவு பிரேக் வேண்டும் என்பதை மட்டும் அது சொல்லும். வால்வு ட்ரெய்லரின் சொந்தத் தாங்கியில் இருந்து காற்றை எடுத்துச் சில்லுகளுக்கு அனுப்பும்.

இந்த இரண்டு குழாய்களையும் மாறிக் கொளுவினால், ட்ரெய்லரின் தாங்கி நிரம்பாது. ஸ்பிரிங் பிரேக் உள்ள ட்ரெய்லர் என்றால் அது அசையாது. சாரதிக்கு உடனே விளங்கிவிடும். ஸ்பிரிங் பிரேக் இல்லாத பழைய ட்ரெய்லர் என்றால் இழுத்தவுடன் உருளும். ஆனால் அதற்குப் பிரேக்கே இருக்காது. நிறம் அழிந்த குழாய்களுக்கு மீண்டும் நிறம் பூசுவதற்கு அரை மணித்தியாலம் போதும்.

சில்லில் நடப்பது எளிமையானது. வட்டமான ஒரு சேம்பருக்குள் இறப்பர் டயபிரம் இருக்கிறது. காற்று அதைத் தள்ள, அது ஒரு தண்டைத் தள்ளுகிறது. தண்டு, ஸ்லாக் அட்ஜஸ்டர் என்னும் நெம்பைத் திருப்புகிறது. அது எஸ் வடிவக் காமைச் சுழற்ற, பிரேக் லைனர்கள் டிரம்மில் போய் அழுத்துகின்றன. 30 என்று இலக்கமிட்ட சேம்பரில் டயபிரத்தின் பரப்பு 30 சதுர அங்குலம். 100 பி.எஸ்.ஐ. காற்றில் அது 3,000 இறாத்தல் விசை தரும். ஏறத்தாழ 1,360 கிலோ. ஒரு மனிதனின் பாதத்தால் பாரமேற்றிய ட்ரெய்லரை நிறுத்த முடிவது இதனால்தான்.

காற்றை எதிர்த்து நிற்கும் ஸ்பிரிங்

அந்த சேம்பரின் பின்புறம் பெரும்பாலான ட்ரெய்லர்களில் இன்னொரு அறை இருக்கும். அதற்குள் சுருட்டி அடக்கிய பலமான ஸ்பிரிங் ஒன்று இருக்கிறது. காற்று இருக்கும்வரை ஸ்பிரிங் அமுங்கிக் கிடக்கும். காற்றுப் போகப்போக ஸ்பிரிங் விரிந்து தண்டைத் தள்ளிப் பிரேக்கைப் பிடிக்கும். பார்க்கிங் பிரேக்கும் இதுதான், அவசரப் பிரேக்கும் இதுதான். அழுத்தம் 60 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறங்கும்போது சாரதிக்கு முன்னால் எச்சரிக்கை விளக்கோ சத்தமோ வரவேண்டும். 45 இற்கும் 20 இற்கும் இடையில் ஸ்பிரிங் பிரேக் தானாகவே பிடிக்கும்.

ஸ்பிரிங் இல்லாத பழைய ட்ரெய்லர்களில், சிவப்புக் குழாய் கழன்றால் தாங்கியில் உள்ள காற்றே பிரேக்கைப் பிடித்து வைத்திருக்கும். ஆனால் அது எவ்வளவு நேரத்துக்கு? கசிவு இருந்தால் சில மணித்தியாலங்களில் காற்று இறங்கிவிடும். பிரேக்கும் விட்டுவிடும். மாலையில் அசையாமல் நின்ற ட்ரெய்லர் விடிவதற்குள் உருளக்கூடும். எந்த ட்ரெய்லரைக் கழற்றி நிறுத்தினாலும் சில்லுக்குக் கட்டை வைக்க வேண்டும். வழியில் பொறுக்கிய கல்லை விட, ஆப்பு வடிவில் வெட்டிய மரக்கட்டையை வாகனத்திலேயே வைத்திருப்பது பாதுகாப்பு. அதேபோல், கையால் இழுக்கும் ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் பிடித்துவிட்டு இறங்கிப் போவதும் தவறு. அது காற்றில் நிற்கும் பிரேக். காற்றுப் போனால் அதுவும் போகும்.

வெளிக்கிட முதல் பத்து நிமிடம்

சாரதி ஒருவரும் உதவியாளர் ஒருவரும் இருந்தால், எந்தக் கருவியும் இல்லாமல் கீழே உள்ள சோதனையைச் செய்யலாம். இந்த அளவுகள் அமெரிக்காவில் கனரக வாகன சாரதிகளுக்குக் கற்பிக்கப்படுபவை. காற்றின் இயல்பு எந்த நாட்டிலும் ஒன்றுதான் என்பதால் இங்கேயும் வழிகாட்டியாகக் கொள்ளலாம்.

1. சில்லுகளுக்குக் கட்டை வைத்து எஞ்சினை இயக்கவும். இரட்டைத் தாங்கி முறையில் அழுத்தம் 85 இல் இருந்து 100 ஆக உயர 45 செக்கனுக்கு மேல் எடுத்தால் கம்ப்ரஸர் தேய்ந்திருக்கிறது அல்லது எங்கோ கசிகிறது.

2. அழுத்தம் நிறைந்ததும் எஞ்சினை நிறுத்தி, பார்க்கிங் பிரேக்கை விடுவித்து ஒரு நிமிடம் மானியைப் பார்க்கவும். ட்ரெய்லர் இணைத்த வாகனத்தில் 3 பி.எஸ்.ஐ. இற்கு மேல் இறங்கக்கூடாது.

3. மிதியை முழுதாக அழுத்திப் பிடிக்கவும். முதலில் ஏற்படும் இறக்கத்தை விட்டுவிட்டு, அடுத்த ஒரு நிமிடத்தில் 4 இற்கு மேல் இறங்கக்கூடாது. இந்த நேரத்தில் உதவியாளர் ட்ரெய்லரைச் சுற்றி நடந்து சத்தம் கேட்கட்டும்.

4. திறப்பைத் திருப்பி, எஞ்சினை இயக்காமல் மிதியை விட்டுவிட்டு அழுத்தவும். 60 அளவில் எச்சரிக்கை வருகிறதா? தொடர்ந்து அழுத்த, 20 இற்குக் கீழே போகுமுன் பார்க்கிங் வால்வு தானாக வெளியே தள்ளுகிறதா?

5. மீண்டும் காற்றை நிரப்பிக் கட்டைகளை எடுக்கவும். ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் பிடித்து, சிறிய கியரில் மெல்ல இழுத்துப் பார்க்கவும். ட்ரெய்லர் வாகனத்தைப் பிடித்து நிறுத்த வேண்டும்.

6. நடக்கும் வேகத்தில் ஓட்டி, மிதியை அழுத்திப் பார்க்கவும். ஒரு பக்கம் இழுத்தால் வீதிக்கு ஏறக்கூடாது.

இவற்றோடு நாள் முடிவில் செய்யவேண்டிய ஒன்று இருக்கிறது: தாங்கிகளின் அடியில் உள்ள வால்வைத் திறந்து தண்ணீரை வெளியேற்றுவது. அழுத்திய காற்று ஆறும்போது அதிலுள்ள ஈரம் தண்ணீராகும். கடற்கரையை ஒட்டிய எங்கள் ஊர்களின் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. தேங்கிய தண்ணீர் தாங்கியை உள்ளே இருந்து அரிக்கும். காற்று இருக்கவேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். வால்வுகளுக்குள் துருவைக் கொண்டுபோகும். தண்ணீரோடு கறுப்பு எண்ணெய் வந்தால் கம்ப்ரஸரின் ரிங் தேய்ந்திருக்கலாம். அந்த எண்ணெய் பட்டால் வால்வுகளின் இறப்பர் ஊதிப்போகும். தண்ணீர் தொடர்ந்து நிறைய வந்தால் டிரையரின் உறிஞ்சியை மாற்றும் காலம் வந்துவிட்டது.

தண்டு எவ்வளவு தூரம் வருகிறது?

எயார் பிரேக்கில் மிக முக்கியமான அளவு, சேம்பரின் தண்டு வெளியே வரும் தூரம். அதை அளக்க ஒரு சோக்கட்டியும் ஒரு அளவுகோலும் போதும். கட்டை வைத்து, அழுத்தம் 90 இற்கும் 100 இற்கும் இடையில் இருக்கும்போது எஞ்சினை நிறுத்தி, பார்க்கிங் பிரேக்கை விடுவியுங்கள். சேம்பரின் முகப்பை ஒட்டித் தண்டில் சோக்கால் கோடு போடுங்கள். ஒருவர் மிதியை முழுதாக அழுத்தட்டும். கோடு நகர்ந்த தூரத்தை அளவுங்கள்.

சாதாரண 30 ஆம் இலக்க சேம்பரில் அது 2 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. 20, 24 இலக்கங்களில் 1¾ அங்குலம். நீண்ட தண்டு வகை 30 இல் 2½ அங்குலம். இந்த வகையின் காற்றுத் துவாரத்தைச் சுற்றிய பகுதி சதுரமாக இருக்கும். ஒரே அச்சின் இரண்டு பக்கமும் ஒரே அளவு சேம்பரும் ஒரே வகை அட்ஜஸ்டரும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கம் முதலில் பிடித்து வாகனத்தை இழுக்கும்.

இந்தக் கால் அங்குலக் கணக்கு ஏன் இவ்வளவு முக்கியம்? சாதாரண 30 ஆம் இலக்க சேம்பரில் தண்டு மொத்தமாக நகரக்கூடியதே ஏறத்தாழ 2½ அங்குலம்தான். அதன் முடிவை நெருங்க நெருங்க தள்ளும் விசை வேகமாகக் குறையும். பிரேக் சூடேறினால் டிரம் விரியும். விரிந்தால் தண்டு இன்னும் கொஞ்சம் கூடுதலாக வரவேண்டும். ஆறிய டிரம்மில் 2¼ அங்குலத்தில் பிடித்த பிரேக், சூடேறிய டிரம்மில் முடிவைத் தொட்டுவிடும். மானியில் காற்று நிறைவாக இருக்கும், மிதியும் வழமைபோல இருக்கும், ஆனால் லைனர் டிரம்மை அழுத்தாது. ‘காற்று இருந்தது, பிரேக் பிடிக்கவில்லை’ என்று சாரதிகள் சொல்வது பொய்யல்ல. அதற்கு ஒரு முக்கியமான காரணம் இதுதான்.

கையால் இறுக்கும் அட்ஜஸ்டர் என்றால், லைனர் டிரம்மில் முட்டும்வரை இறுக்கி, பிறகு கால் சுற்றில் இருந்து அரைச் சுற்றுவரை தளர்த்த வேண்டும். எந்தப் பக்கம் திருப்பினால் இறுகுகிறது என்பதை காம் திரும்புவதைப் பார்த்து உறுதி செய்யுங்கள். தானாக இறுகும் அட்ஜஸ்டர் இருந்தும் தண்டு நீண்டு வருகிறது என்றால், அதைக் கையால் இறுக்கிவிட்டுப் போவது நோயை மறைப்பதாகும். அட்ஜஸ்டர் பழுதாகியிருக்கலாம், பிழையாகப் பூட்டப்பட்டிருக்கலாம், காம் புஷ் தேய்ந்திருக்கலாம். காரணத்தைக் கண்டுபிடித்தே ஆகவேண்டும்.

சத்தம் சொல்லும் பழுதுகள்

கசிவு எப்போது கேட்கிறது என்பதைக் கவனித்தாலே பாதிப் பழுது பிடிபட்டுவிடும்.

மிதியை அழுத்தும்போது மட்டும் சீறினால்: முன் அறையின் டயபிரம், அதற்குப் போகும் ஹோஸ், அல்லது மிதி வால்வு.

பார்க்கிங் பிரேக்கை விடுவித்தவுடன் சீறி, மீண்டும் பிடித்தால் நின்றுவிட்டால்: ஸ்பிரிங் அறையின் டயபிரம் அல்லது அதன் ஹோஸ்.

ரிலே வால்வின் கழிவுத் துவாரத்தால் காற்று வந்தால்: வால்வுக்குள் அழுக்கு அல்லது தேய்ந்த இறப்பர். ஒரு சேம்பரின் உள் சீல் பழுதாகி, காற்று பின்வழியாக வந்து அங்கே வெளியேறவும் கூடும். வால்வை மாற்றமுதல் சேம்பர்களின் ஹோஸை ஒவ்வொன்றாகச் சோதித்தால் வீண் செலவு மிஞ்சும்.

மிதியை விட்டும் பிரேக் விடத் தாமதித்தால்: கழிவுத் துவாரத்தில் சேறோ குளவிக்கூடோ அடைத்திருக்கலாம். ஹோஸ் மடிந்திருக்கலாம். காம் புஷ்ஷுக்குக் கிறீஸ் இல்லாமல் இருக்கலாம். லைனரை இழுக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம்.

ஓடி நிறுத்தியதும் ஒரு சில்லில் மட்டும் மற்றவற்றை விட அதிக சூடு அடித்தால்: அந்தப் பிரேக் விடாமல் உரசுகிறது. எல்லாச் சில்லும் சூடாக, ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால்: அந்தச் சில்லில் பிரேக் வேலை செய்யவில்லை. கையால் தொட வேண்டாம். புறங்கையை அருகில் கொண்டுபோனாலே தெரியும்.

கசியும் இடத்தைக் கண்டுபிடிக்கச் சவர்க்காரத் தண்ணீரை விடச் சிறந்த கருவி இல்லை. நெருப்புக்குச்சி பற்றவைத்துப் பார்ப்பது வேண்டாம்.

எதைத் திருத்தலாம், எதைத் தொடக்கூடாது

முன் அறையின் டயபிரத்தை ஒரு நல்ல கராஜில் மாற்றலாம். கட்டை வைத்து, ஸ்பிரிங்கை அதற்குரிய நீண்ட போல்ட்டால் இழுத்துப் பூட்டி, காற்றை முழுதாக வெளியேற்றிய பிறகே வளையத்தைக் கழற்ற வேண்டும். அதே இலக்க டயபிரத்தைப் போட்டு, வளையத்தைச் சமமாக இறுக்கி, சவர்க்காரத் தண்ணீரால் சோதிக்க வேண்டும். லைனர் 6 மில்லிமீற்றர் தடிப்புக்கு வந்துவிட்டால் மாற்றவேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் மாற்றாமல் அச்சின் இரு பக்கத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும். சில்லின் எண்ணெய் சீல் ஒழுகி நனைந்த லைனரைப் பெற்றோலால் கழுவி மீண்டும் பூட்டுவது வீண்வேலை. உறிஞ்சிய எண்ணெய் சூட்டில் மறுபடி வெளியே வரும்.

ஸ்பிரிங் அறையைத் திறக்கவே கூடாது. அதற்குள் அமுங்கியிருக்கும் விசை ஏறத்தாழ ஒரு தொன். வளையம் கழன்றால் மூடி ஆளைக் கொன்றுவிடும். பழுதென்றால் முழு சேம்பரையும் மாற்றுவதுதான் முறை.

இதில் இன்னொரு ஆபத்து எங்கள் பகுதிக்குக் குறிப்பாகப் பொருந்துகிறது. பழைய இரும்பு சேகரித்துப் பிழைக்கும் குடும்பங்கள் வன்னியில் நிறைய இருக்கின்றன. இரும்பென்று எடுத்தது வெடித்த அனுபவம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. ஸ்பிரிங்கைச் செயலிழக்கச் செய்யாமல் கராஜ் வாசலில் எறியப்பட்ட சேம்பரும், காஸ் வெட்டியால் வெட்டுபவருக்கு அல்லது சுத்தியலால் தட்டிப் பார்க்கும் சிறுவனுக்கு அதேபோன்ற ஆபத்துத்தான். கழற்றிய சேம்பரை ஸ்பிரிங் பூட்டிய நிலையிலேயே வைத்து, இதற்கென்று செய்த இரும்புக் கூட்டுக்குள் செயலிழக்கச் செய்பவர்களிடமே கொடுக்க வேண்டும். அதுவரை அதைப் பழைய இரும்புக்காரருக்கு விற்கக்கூடாது.

காற்றுத் தாங்கிக்கு வெல்டிங் பிடிப்பதும் கூடாது. அரித்த தகட்டில் வைத்த ஒட்டு, அழுத்தத்தில் எப்போது விடும் என்று எவராலும் சொல்ல முடியாது.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய உதிரிப்பாகம் தேடி வாங்குவது எங்கள் தொழிலில் வழமை. 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2022 இன் நெருக்கடியில் விலைகள் ஏறிய பிறகு அது இன்னும் கூடியது. பழையதில் இணைப்புத் தலை வாங்கலாம், தாங்கிப் பட்டி வாங்கலாம், உள்ளே துரு இல்லாத தாங்கியும் வாங்கலாம். டயபிரம், ஹோஸ், ஸ்பிரிங் சேம்பர் ஆகிய மூன்றையும் பழையதில் வாங்கக்கூடாது. இறப்பரின் வயதும் ஸ்பிரிங்கின் களைப்பும் வெளியே தெரியாது.

தடைக்காலம் கற்றுத்தந்தது

வடக்கின் மெக்கானிக்குகள் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். 1990 களின் பொருளாதாரத் தடையில் எரிபொருள், பற்றரி முதல் உதிரிப்பாகங்கள் வரை வராமல் நின்றபோது, ஒரு சொட்டுப் பெற்றோலில் இயக்கி மண்ணெண்ணெயில் ஓடவைத்தார்கள். ஒரு வாகனத்தின் பாகத்தை இன்னொன்றுக்குச் செதுக்கிப் பொருத்தினார்கள். அந்த வாகனங்கள் அரிசியைக் கொண்டுவந்தன, காயப்பட்டவர்களைக் கொண்டுபோயின. இடம்பெயர்வுகளில் குடும்பங்களை ஏற்றிச் சென்றன. இல்லாமையில் இருந்து உண்டாக்கும் அந்தத் திறமையை எவரும் குறைத்துச் சொல்ல முடியாது.

ஆனால் அந்தத் திறமை எயார் பிரேக்குக்குள் வரும்போது ஒரு சிக்கல் இருக்கிறது. ட்ரெய்லர் வழியில் நின்றுவிட்டால், அதை ஓடவைப்பதுதான் கெட்டிக்காரத்தனம் என்று பழகிய கை உடனே வழி தேடுகிறது. டயபிரம் வெடித்த சில்லுக்குப் போகும் ஹோஸை மடித்துக் கட்டுகிறார்கள். குழாயில் ஒரு போல்ட்டைச் செருகி அடைக்கிறார்கள். ஸ்பிரிங்கைப் பூட்டிவிட்டு அப்படியே ஓடுகிறார்கள். காற்று இப்போது கசியவில்லை, வாகனம் ஓடுகிறது. ஆனால் ஒரு சில்லில் பிரேக் இல்லை. அடுத்த மாதம் இன்னொரு சில்லும் அப்படியாகும். மற்றைய சில்லுகள் அந்த வேலையையும் சேர்த்துச் செய்து அதிகம் சூடாகும்.

எஞ்சினில் செய்த ஒட்டுவேலை பிழைத்தால் வாகனம் நிற்கும். பிரேக்கில் செய்த ஒட்டுவேலை பிழைத்தால் வாகனம் நிற்காது. மெக்கானிக்குகளோடு கதைத்து நான் விளங்கிக்கொண்ட வேறுபாடு இவ்வளவுதான். ட்ரெய்லர் பிரேக் பிடித்து நின்றுவிட்டது என்றால், அது பழுதாகவில்லை. தன் வேலையைச் செய்திருக்கிறது.

இரவில், ஆளில்லாத இடத்தில், வீதியை மறித்து நிற்கும் ட்ரெய்லரை என்ன செய்வது என்பது நியாயமான கேள்வி. ஸ்பிரிங்கைப் பூட்டும் போல்ட்டு அதற்காகவே தரப்பட்டிருக்கிறது. கட்டை வைத்து, ஸ்பிரிங்கைப் பூட்டி, பிறகு கட்டையை எடுத்து, நடக்கும் வேகத்தில் வீதியோரத்துக்கு அல்லது அருகில் உள்ள பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோகலாம். அங்கிருந்து பாரத்தோடு யாழ்ப்பாணம் வரை ஓடுவதற்கு அது அனுமதியல்ல.

சமவெளியில் மறைந்திருக்கும் பழுது

யாழ்ப்பாணமும் வன்னியும் சமவெளி. மெதுவாக ஓடினால், அரைகுறைப் பிரேக்கோடும் ஆண்டுக்கணக்கில் ஓடலாம். அதே வாகனம் கடுகண்ணாவை இறக்கத்துக்கோ றம்பொடைக்கோ போகும்போதுதான் கணக்கு வெளியே வரும். இறக்கம் தொடங்குமுன்பே சிறிய கியருக்கு மாறவேண்டும். எக்ஸோஸ்ட் பிரேக்கைப் போடவேண்டும். மிதியை மெல்லியதாகத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே இறங்குவது டிரம்மைக் காய்ச்சும். ஒரு பாதுகாப்பான வேகத்தைத் தீர்மானித்து, அதைத் தொட்டதும் உறுதியாக அழுத்தி, மணிக்கு 8 கிலோமீற்றர் அளவில் குறைத்து, முழுதாக விட்டுவிட வேண்டும். வேகம் ஏறியதும் மீண்டும். லைனர் கருகும் மணம் வந்தால் நிறுத்தி ஆறவிடுங்கள். சூடான டிரம்முக்குத் தண்ணீர் ஊற்றினால் வெடிக்கும். நியூட்ரலில் இறங்கி மிச்சம் பிடிக்கும் டீசலின் விலை, ஒரு டிரம்மின் விலைக்குக் கூடக் காணாது.

யார் கையில்?

பாரவூர்திகள் ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கத் தகுதிச் சான்றிதழ் வேண்டும். அது ஒரு நாளைய நிலைமைக்கான சான்று. மற்றைய 364 நாட்களும் சாரதியும் உரிமையாளரும் கராஜும்தான் பொறுப்பு.

இதில் பலவீனமான இடத்தில் இருப்பவர் சாரதி. பயணத்துக்குக் கூலி என்றால், வாகனம் நின்ற நாளுக்குக் கூலி இல்லை. பிரேக் சரியில்லை என்று சொல்பவருக்குப் பதிலாக இன்னொருவரைத் தேடுவது முதலாளிக்குச் சுலபம். ஆனால் விபத்து நடந்தால் முதலில் கைது செய்யப்படுபவரும் அவர்தான். ஆகவே பழுதை வாயால் சொல்லுவதோடு நிற்காமல், திகதி போட்டு ஒரு கொப்பியில் எழுதி வைப்பதும், தொலைபேசியில் படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்பி வைப்பதும் நல்லது. உரிமையாளருக்கும் அது பயன். எந்தச் சில்லில் எப்போது எது மாற்றப்பட்டது என்ற பதிவு இருந்தால் ஒரே பழுதுக்கு இரண்டு தடவை காசு கொடுக்கத் தேவையில்லை.

தொழில் பழகும் இளைஞர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள இலங்கை – ஜேர்மன் பயிற்சி நிறுவனம் 2016 முதல் வாகனத் தொழில்நுட்பம் உட்படத் தொழிற்பயிற்சிகளை வழங்கிவருகிறது. கராஜில் கையால் கற்றவர்களின் அனுபவமும் அங்கே கற்பிக்கப்படும் அளவுகளும் ஓரிடத்தில் சேர்ந்தால் இந்தத் தொழில் நிமிரும்.

செய்தி எழுதும் எங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த தடவை ஒரு ட்ரெய்லர் ‘வேகக்கட்டுப்பாட்டை இழந்தது’ என்று தகவல் வந்தால், இன்னும் நான்கு கேள்விகள் கேட்கலாம். எத்தனை சில்லுகளில் பிரேக் வேலை செய்தது? தண்டு எவ்வளவு தூரம் வந்தது? எந்த ஹோஸாவது அடைக்கப்பட்டிருந்ததா? ஸ்பிரிங் பூட்டப்பட்டிருந்ததா? பரிசோதித்த அதிகாரியின் அறிக்கையில் இவற்றுக்கு விடை இருக்க வேண்டும். இல்லாவிட்டால், ஏன் இல்லை என்பதுதான் ஐந்தாவது கேள்வி.